‘இங்கே’ என்றால் எங்கே?



கணினியைப் பற்றிப் பேச ஒருவன் வருகிறான் என்றால் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவான், நாளைய உலகத்தைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஒரு புள்ளியைப் பற்றி. ஒரு புள்ளி, அதை ஒட்டி ஒரு சாய்கோடு, அவ்வளவுதான். சில இடங்களில் இரண்டு புள்ளிகள் வரும். இந்தப் புள்ளியால் தூக்கம் கெட்டவர்கள் இந்த அரங்கத்திலேயே பலர் இருப்பீர்கள். சிலர் இப்போதே சிரிக்கிறீர்கள், உங்களுக்குப் புரிந்துவிட்டது.

ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கு நாம் எழுதும் கட்டளைக் கோப்பு, இன்னொரு ஸ்கிரிப்டை அழைக்கிறது. அழைக்கும்போது அது இருக்கும் பாதையைச் சொல்ல வேண்டும். அந்தப் பாதையின் தொடக்கத்தில் நாம் வைக்கிற புள்ளிக்கு ‘இங்கே’ என்று பொருள். இரண்டு புள்ளிக்கு ‘இங்கிருந்து ஒரு படி மேலே’ என்று பொருள். சரி, எங்கே அந்த ‘இங்கே’? யாருடைய ‘இங்கே’? எழுதியவருடையதா, படிப்பவருடையதா, ஓட்டுபவருடையதா? இன்று மாலை நான் கேட்கப்போவது இந்த ஒரு கேள்வியைத்தான். திரும்பத் திரும்பக் கேட்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணினியை விட்டுவிட்டுத் திண்ணைக்கு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி. மும்பையில் வேலை பார்க்கும் மகனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறார். “அம்மா, இங்கே நான்கு நாளாக அடைமழை. வெளியே போக முடியவில்லை.” தெருவிலோ வெயில் கொளுத்துகிறது. பாட்டி அண்ணாந்து வானத்தைப் பார்ப்பாளா? மாட்டாள். “ஐயோ, பிள்ளை நனையாமல் இருக்கணுமே” என்பாள். சொல் தபால்காரர் வாயிலிருந்து வந்தது. ஆனால் ‘இங்கே’ மகனுடையது என்பது பாட்டிக்குத் தெரியும்.

கணினி அந்தத் தபால்காரர் வேலையைத்தான் பார்க்கிறது. நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டை வரி வரியாகப் படிக்கிறது. பாட்டிக்கு இருந்த அறிவு மட்டும் அதற்கு இல்லை. ‘இங்கே மழை’ என்று படித்ததும், தான் உட்கார்ந்திருக்கும் திண்ணையிலேயே குடையை விரித்துவிடும்! நமக்கு நேர்கிற தொல்லை எல்லாம் அந்தக் குடைதான்.

நாம் தமிழ் பேசுகிறவர்கள். பேசுபவன் நிற்கும் இடம் நமக்கு இலக்கணத்திலேயே ஊறியிருக்கிறது. அண்மைக்கு இகரம், சேய்மைக்கு அகரம்: இங்கே, அங்கே, இது, அது. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். வினைச்சொல்லைக் கேட்டாலே பேசுபவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்துவிடும். இவ்வளவு நுட்பத்தோடு பேசுகிற நாம், நிரல் எழுத உட்கார்ந்ததும் ஒரு புள்ளியை வைத்துவிட்டு ‘இங்கே’ என்கிறோம். எங்கே என்று சொல்ல மறந்துவிடுகிறோம்.

இனி கணினிக்கு வருவோம். கோப்புக்குப் பாதை இரண்டு விதம். ஒன்று முழுப்பாதை. யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணினிகளில் அது சாய்கோட்டில் தொடங்கும். மரத்தின் வேரிலிருந்து கிளை கிளையாக இறங்கி வரும். கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் எழுதிய முகவரி போல. எங்கே நின்று படித்தாலும் ஒரே வீட்டுக்குத்தான் போகும். மற்றொன்று சார்புப் பாதை. ‘இங்கிருந்து மூன்றாவது வீடு’ என்பது போல. சுருக்கமானது, சுலபமானது. ஆனால் அது பாதி முகவரி. மறுபாதி எங்கே இருக்கிறது? நிற்கிற இடத்தில் இருக்கிறது.

யார் நிற்கிற இடம்? இயங்குதளத்தைக் கேட்டால் அது ஒரே பதில்தான் சொல்லும். ஓடுகிற ஒவ்வொரு நிரலும் ஏதோ ஒரு கோப்புறையில் ‘நின்றுகொண்டு’ ஓடுகிறது. அதற்குக் கரண்ட் டைரக்டரி என்று பெயர். நடப்புக் கோப்புறை என்று வைத்துக்கொள்வோம். சார்புப் பாதை எதைக் கொடுத்தாலும் இயங்குதளம் அந்த நடப்புக் கோப்புறையிலிருந்துதான் நடக்கத் தொடங்கும். அந்த வரி எந்தக் கோப்பில் எழுதப்பட்டது என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கேட்காது. ஸ்கிரிப்ட் இருக்கும் இடம் வேறு, ஸ்கிரிப்டை ஓட்டுபவர் நிற்கும் இடம் வேறு. இரண்டும் ஒன்றாக அமைந்தால் எல்லாம் சுகம். பிரிந்தால்?

பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு வாடிக்கையாளருக்காக, இரவில் தானாக ஓடி மறுநாள் விலைப்பட்டியலைத் தயாரிக்கும் நிரலைப் பைத்தானில் எழுதினேன். ஒரு முதன்மை ஸ்கிரிப்ட். அது இறக்கிக்கொள்ளும் ஒரு துணை ஸ்கிரிப்ட். துணை ஸ்கிரிப்டுக்குப் பக்கத்திலேயே அது திறந்து படிக்கும் ஒரு பட்டியல் கோப்பு. மூன்றும் ஒரே கோப்புறை. ஒரே கூரைக்கு அடியில் மூன்று பேர். என் மேசையில் நூறு முறை ஓட்டினேன். நூறு முறையும் ஓடியது. கிரான் என்ற நேரக்காவலனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் வந்து பார்த்தால் பட்டியல் இல்லை. ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்ற ஒற்றை வரிதான் காத்திருந்தது. கோப்போ என் கண் முன்னால் இருக்கிறது! கையால் ஓட்டினேன், ஓடியது. மறுநாள் இரவு மறுபடியும் விழுந்தது. பேய் பிடித்தது போல இருந்தது. பகலில் ஓடுகிறது, இரவில் விழுகிறது.

என்ன நடந்தது? நான் ஓட்டும்போது அந்தக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு ஓட்டினேன். கிரான் அங்கே நிற்காது. பயனரின் வீட்டுக் கோப்புறையில் நின்றபடியே முழுப்பாதை சொல்லி என் ஸ்கிரிப்டை அழைத்தது. அப்படியானால் துணை ஸ்கிரிப்ட் மட்டும் எப்படிக் கிடைத்தது? அங்கேதான் சூட்சுமம். பைத்தான் துணை ஸ்கிரிப்டைத் தேடும்போது, முதன்மை ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையைத் தன் தேடல் பட்டியலின் தலையில் வைத்துக்கொள்கிறது. ஆகவே ஸ்கிரிப்ட் கிடைத்தது. சாதாரணக் கோப்பைத் திறக்கும்போதோ வேலை இயங்குதளத்துக்குப் போகிறது. அது நடப்புக் கோப்புறையில் தேடியது. ஆகவே பட்டியல் கிடைக்கவில்லை. ஒரே நிரலில், ஒரே நொடியில், இரண்டு ‘இங்கே’! ஒன்று ஸ்கிரிப்டின் இங்கே, இன்னொன்று ஓட்டுபவரின் இங்கே.

நான் மட்டுமா தடுமாறினேன்? யூனிக்ஸைப் படைத்தவர்களே தடுமாறியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி 1979இல் சிட்னியில் நடந்த மாநாட்டில் யூனிக்ஸ் வளர்ந்த கதையைக் கட்டுரையாக வாசித்தார். அதில் இந்த வேடிக்கை வருகிறது. பெல் ஆய்வகத்தில், பிடிபி-7 என்ற சிறிய கணினியில் யூனிக்ஸ் பிறந்த காலம். அப்போது பாதை என்பதே கிடையாது. கோப்பின் வெறும் பெயரைச் சொன்னால் நடப்புக் கோப்புறையில் தேடும். கோப்புறை மாற ‘சிஎச்டிர்’ என்று ஒரு கட்டளை இருந்தது. பிறகு ஒரு நிரல் தன்னைப் போலவே இன்னொன்றை ஈனும் ‘ஃபோர்க்’ வசதியைச் சேர்த்தார்கள். வெற்றி என்று மகிழ்ந்திருந்த வேளையில், கோப்புறை மாற்றும் கட்டளை வேலை செய்யாமல் நின்றுவிட்டது!

நிரலை வரி வரியாகப் படித்தார்கள். குற்றம் எங்கும் இல்லை. கடைசியில்தான் உறைத்தது. கட்டளையை நிறைவேற்ற ஒரு பிள்ளை நிரல் பிறக்கிறது. பிள்ளை சமர்த்தாகத் தன் கோப்புறையை மாற்றிக்கொள்கிறது. உடனே இறந்தும் போகிறது. தாய் நிரல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிள்ளை ஊர் மாறினால் தாய் ஊர் மாறுவாளா? ஆகவே அந்தக் கட்டளையை, நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் தாய் நிரலான ஷெல்லுக்குள்ளேயே வைக்க வேண்டியதாயிற்று. இன்றும் ஷெல்லில் ‘சிடி’ உள்கட்டளையாக இருப்பது அதனால்தான். நிற்கும் இடம் ஓடுகிற நிரலுக்கு உரியது என்ற பாடத்தை அன்று அவர்கள் படித்தார்கள். அந்தப் பாடத்தை நாம் ஒவ்வொருவரும் சொந்தச் செலவில் ஒரு முறை படிக்கிறோம்!

இப்போது மூன்று ஸ்கிரிப்ட் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இந்த உதாரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிஎச்பி மொழியில் ஒரு இணையதளம். வீட்டின் கூடத்தில் ‘முகப்பு’ என்ற கோப்பு. ‘பொது’ என்ற அறைக்குள் இரண்டு கோப்புகள்: ‘தொடக்கம்’, ‘அமைப்பு’. தரவுத்தளத்தின் கடவுச்சொல் முதலான ரகசியங்கள் அமைப்பில் இருக்கின்றன. முகப்பு தொடக்கத்தை அழைக்கிறது. தொடக்கம் தன் பக்கத்தில் இருக்கும் அமைப்பை அழைக்கிறது.

தொடக்கத்தில் ‘புள்ளி, சாய்கோடு, அமைப்பு’ என்று எழுதுகிறார் நம் நண்பர். இங்கேயே இருக்கும் அமைப்பு என்று பொருள். ஓட்டினால், இல்லை என்கிறது. ஏன்? புள்ளியில் தொடங்கும் பாதையை பிஎச்பி நடப்புக் கோப்புறையிலிருந்து பார்க்கிறது. இணையத்தில் ஓடும்போது வழக்கமாக அது முதலில் அழைக்கப்பட்ட முகப்பு இருக்கும் கூடம். நண்பர் யோசிக்கிறார். ‘புள்ளி, சாய்கோடு, பொது, சாய்கோடு, அமைப்பு’ என்று மாற்றுகிறார். ஓடுகிறது! மகிழ்ச்சி. தேநீர் குடிக்கப் போகிறார்.

அடுத்த வாரம் ‘நிர்வாகம்’ என்று இன்னொரு அறை கட்டுகிறார். அதற்குள் ‘அறிக்கை’ என்ற பக்கம். அதுவும் தொடக்கத்தை அழைக்கிறது. தொடக்கம் கிடைக்கிறது, அது அமைப்பைத் தேடுகிறது. எங்கே? நிர்வாக அறைக்குள், இல்லாத ஒரு பொது அறையில்! மறுபடியும் பிழை. நண்பர் இரண்டு புள்ளி வைத்து ஒரு படி மேலே ஏறி வரச் சொல்கிறார். அறிக்கை ஓடுகிறது, முகப்பு விழுகிறது. புள்ளியை எடுத்தால் முகப்பு ஓடுகிறது; அறிக்கை விழுகிறது. ஏற்றப்பலகையில் இரண்டு பிள்ளைகள் போல, ஒன்று ஏறினால் ஒன்று இறங்குகிறது. இரவு பன்னிரண்டு மணி வரை ஆடுகிறார் நண்பர்.

கோப்பு கிடைக்காமல் விழுவதாவது தேவலாம். தவறான கோப்பு கிடைத்தால்? புள்ளியே இல்லாமல் வெறுமனே ‘அமைப்பு’ என்று எழுதினால், பிஎச்பி முதலில் தன் தேடல் பட்டியலில் உள்ள இடங்களைப் பார்க்கும். பிறகு அழைக்கும் ஸ்கிரிப்டின் சொந்தக் கோப்புறையைப் பார்க்கும். தேடல் பட்டியலின் முதல் இடத்தில் வழக்கமாக நிற்பது யார்? நடப்புக் கோப்புறைதான். என்றைக்கோ ஒரு நாள் நிர்வாக அறையிலும் யாரோ ‘அமைப்பு’ என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்துவிட்டால், தொடக்கம் வாயைத் திறக்காமல் அதை எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி இல்லை. எச்சரிக்கை இல்லை. வேறு வீட்டுச் சாவி நம் கையில் இருக்கும், நமக்கே தெரியாது.

இது வெறும் தொல்லையோடு நிற்பதில்லை, ஆபத்தும் ஆகும். பெர்ல் மொழி பல ஆண்டுகளாகத் துணை நிரல்களைத் தேடும் பட்டியலின் கடைசியில் ஒரு புள்ளியை வைத்திருந்தது. மற்ற எங்கும் இல்லையென்றால் ‘இங்கே’ பார் என்று பொருள். யாருடைய இங்கே? ஓட்டுபவர் நிற்கும் இடம். நிர்வாகி எல்லோரும் எழுதக்கூடிய ஒரு பொதுக் கோப்புறையில் நின்றுகொண்டு ஒரு பெர்ல் நிரலை ஓட்டுகிறார் என்று வையுங்கள். யாரோ ஒருவர் சரியான பெயரில் ஒரு விஷக் கோப்பை அங்கே முன்கூட்டியே வைத்திருந்தால், நிர்வாகியின் அதிகாரத்தோடு அது ஓடிவிடும். 2017இல் வந்த 5.26 பதிப்பில்தான் பெர்ல் அந்தப் புள்ளியை நீக்கியது. ரூபி மொழி 2010இல் வந்த 1.9.2 பதிப்பிலேயே புள்ளியை நீக்கிவிட்டு, ‘அழைக்கும் கோப்பைச் சார்ந்து தேடு’ என்று சொல்லத் தனியாக ஒரு கட்டளையைத் தந்தது.

நோயைச் சொல்லிவிட்டேன். மருந்து என்ன?

திண்ணைக்கே திரும்புவோம். அந்தக் காலத்துக் கடிதம் எப்படித் தொடங்கும்? மேல் மூலையில் என்ன இருக்கும்? ஊர்ப் பெயர்! மும்பை, இத்தனாம் தேதி. ஊர்ப் பெயரை எழுதிவிட்டுத்தான் ‘இங்கே அனைவரும் நலம்’ என்று எழுதினார்கள் நம் பெரியவர்கள். அந்தக் கடிதத்தை எந்தத் தபால்காரர் எந்தத் திண்ணையில் படித்தாலும், பத்து ஆண்டு கழித்துப் பேரன் எடுத்துப் படித்தாலும், ‘இங்கே’ மும்பைதான்.

அந்த மூலையில் எழுதும் ஊர்ப் பெயரை நிரல் மொழிகள் நமக்குக் கொடுத்திருக்கின்றன. பிஎச்பியில் 2009இல் 5.3 பதிப்போடு வந்த ‘டிர்’ என்ற மாறிலி. முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு எழுதுவோம். அந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறதோ, அந்தக் கோப்பின் கோப்புறையை அது முழுப்பாதையாகத் தரும். யார் அழைத்தாலும் மாறாது. நம் நண்பர் தொடக்கத்தில் ‘டிர்’ போட்டு, அதோடு சாய்கோடும் அமைப்பும் சேர்த்து எழுதினால் போதும். முகப்பும் ஓடும், அறிக்கையும் ஓடும். ஏற்றப்பலகை நின்றுவிடும்.

பைத்தானில் ‘ஃபைல்’ என்ற மாறி, அதுவும் அதே அடிக்கோடுகளோடு. 2014இல் 3.4 பதிப்பில் வந்த பாத்லிப் நூலகத்தோடு சேர்த்தால், ‘நான் இருக்கும் கோப்பு, அதன் தாய்க் கோப்புறை, அதற்குள் பட்டியல்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். நான் இழந்த இரண்டு இரவுகளுக்கு மருந்து அந்த ஒரு வரிதான். நோட் ஜேஎஸ்ஸில் ‘டிர்நேம்’. அங்கேயும் பைத்தானின் அதே இரட்டை வேடம் உண்டு: ‘ரெக்வயர்’ என்று ஸ்கிரிப்டை அழைத்தால் புள்ளிக்குப் பொருள் அழைக்கும் கோப்பின் இடம், கோப்பைத் திறந்து படிக்கச் சொன்னால் அதே புள்ளிக்குப் பொருள் ஓட்டுபவர் நிற்கும் இடம். பாஷ் ஷெல்லில் டாலர் பூஜ்யத்தை நம்பாதீர்கள். ‘சோர்ஸ்’ செய்து அழைக்கப்பட்ட ஸ்கிரிப்டுக்குள் அது அழைத்தவரின் பெயரைத்தான் சொல்லும். ‘பாஷ் சோர்ஸ்’ என்ற மாறிதான் தன் பெயரைச் சொல்லும்.

இணையப் பக்கங்களிலும் இதே கதைதான். ஸ்டைல் கோப்பில் ஒரு படத்துக்குச் சார்புப் பாதை கொடுத்தால், அது ஸ்டைல் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படும். ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் ‘ஃபெட்ச்’ என்று எழுதி அதே பாதையைக் கொடுத்தால், அதை அழைத்த பக்கத்தின் முகவரியிலிருந்து கணக்கிடப்படும். இரண்டு கோப்பும் ஒரே கோப்புறையில் அண்ணன் தம்பி போல இருந்தாலும் ஒருவனுடைய ‘இங்கே’ வேறு, மற்றவனுடைய ‘இங்கே’ வேறு. ஆகவே புது மொழிக்குள் காலடி வைக்கும்போதெல்லாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது? நீங்களே சொல்லுங்கள். ஆம், ‘இங்கே என்றால் எங்கே?’

இங்கே இரண்டு போலி மருந்துகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். முதல் போலி மருந்து: எல்லாவற்றுக்கும் முழுப்பாதையைக் கையால் எழுதிவிடுவது. உங்கள் பெயரோடு, உங்கள் கணினியின் கோப்புறைகளோடு. உங்களிடம் ஓடும், தோழி கணினியில் ஓடாது, சர்வரில் ஓடாது, நீங்களே கோப்புறையை நகர்த்தினால் உங்களிடமும் ஓடாது. வீடு மாறினால் பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டுகிற ஆள் அது.

இரண்டாவது போலி மருந்து இன்னும் தந்திரமானது. ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே ‘என் கோப்புறைக்குப் போய் நின்றுகொள்’ என்று நடப்புக் கோப்புறையை மாற்றிவிடுவது. தன் கோப்பு எல்லாம் கிடைத்துவிடும். ஆனால் நிற்கும் இடம் நிரல் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. உங்கள் ஸ்கிரிப்டை இன்னொருவர் தன் நிரலுக்குள் அழைத்தார் என்றால், விருந்துக்கு வந்தவர் வீட்டையே இடம் மாற்றிவிட்டது போல ஆகும். அதுமட்டுமா? பயனர் தன் கோப்புறையில் நின்றுகொண்டு, ‘இந்தக் கணக்கைப் படி’ என்று ஒரு கோப்பின் பெயரைத் தட்டச்சு செய்கிறார். அவர் சொன்ன ‘இங்கே’ அவருடையது. நீங்கள் இடம் மாறி நின்றுகொண்டு, உங்கள் அறையில் அதைத் தேடி, இல்லை என்று கையை விரிக்கிறீர்கள். அது நியாயமா?

ஆகவே, நண்பர்களே, ‘இங்கே’ இரண்டு உண்டு, இரண்டும் நியாயமானவை. நிரல் தன்னோடு கொண்டுவரும் பொருள்கள், அதன் துணை ஸ்கிரிப்டுகள், அமைப்புகள், பட்டியல்கள்: இவற்றுக்கு எழுதியவரின் இங்கே. பயனர் கொடுக்கும் பொருள்கள், அவர் படிக்கச் சொல்லும் கோப்பு, எழுதி வைக்கச் சொல்லும் இடம்: இவற்றுக்குப் பயனரின் இங்கே. தன் பொருளைத் தன் ஊர்ப் பெயரோடு தேடு. பிறர் பொருளை அவர் நிற்கும் இடத்தில் தேடு. இந்த ஒரு பிரிவினை மனத்தில் நின்றால் பாதைத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்தது.

பேச்சை முடிக்கும் முன், இளைஞர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டேன். நீங்கள் எழுதிய ஏதாவது ஒரு நிரலை எடுங்கள். அது இருக்கும் கோப்புறையை விட்டு வெளியே வாருங்கள். மரத்தின் வேருக்கே போய், வெறும் சாய்கோட்டில் நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்து முழுப்பாதை சொல்லி உங்கள் நிரலை அழையுங்கள். ஓடினால் நீங்கள் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறீர்கள். விழுந்தால், எந்த வரியில் விழுகிறதோ அந்த வரியில் ஒரு புள்ளி யாருடைய திண்ணையிலோ குடை விரித்துக்கொண்டிருக்கிறது. பிழைச் செய்தியில் ‘கோப்பு இல்லை’ என்று மட்டும் எழுதாமல், எந்த முழுப்பாதையில் தேடினீர்கள் என்பதையும் அச்சிடச் செய்யுங்கள். என் நிரல் அன்று அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால், இரண்டு இரவு பேயைத் தேடியிருக்க மாட்டேன். கிரான் நின்ற வீட்டுக் கோப்புறையின் பெயர் முதல் நாள் காலையிலேயே என் கண்ணில் பட்டிருக்கும்.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. எத்தனை பேருடைய நிரல் விழுந்தது என்று அடுத்த கூட்டத்தில் கையைத் தூக்கச் சொல்வேன். வெட்கப்படாமல் தூக்குங்கள்; முதல் கை என்னுடையதாக இருக்கும்.